கொக்கு மார்க் பரிசு

“சீதேவி, ஓடி வா! கொம்பனிக்காரன் மிசின் அனுப்பிப்போட்டான்!”

வல்லிபுரத்தின் சத்தம் அவர் படலையைத் திறக்கும் முன்பே அடுப்படிவரை கேட்டது. தலையில் ஒரு மரப்பெட்டி. மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து, களுதாவளைச் சந்தியில் இறக்கி, அங்கிருந்து தானே சுமந்து வந்திருந்தார்.

கறிச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் மனைவி சீதேவிப்பிள்ளை ஓடி வந்தாள்.

“இஞ்சாருங்க, மெய்யாவோ?”

“பொய்யெண்டா தலை இப்பிடி நோகுமோ? பிடி, இறக்கு!”

பெட்டி பிரிந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு ஒரு கைத் தையல் மிசின் வெளியே வந்தது. சீதேவிப்பிள்ளை உடனே அதைத் தொடவில்லை. கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வருசத்துக்கு முன் கபூர் நானாவின் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கொக்கு மார்க் தேயிலை உறைகள் முந்நூறு சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினால் தையல் மிசின் இனாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு தேயிலை நுழையவில்லை. வயிறு கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாளுக்கு நாலு வேளை தேத்தண்ணி. கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் சீதேவிப்பிள்ளை அடுப்படிப் பக்கம் போய், “கொக்கு உறை கிடக்கோ?” என்று கேட்காமல் திரும்பமாட்டாள்.

“இந்த ரெண்டு வருசத்தில ஆத்தோரம் நிண்டிருந்தா முந்நூறு கொக்கையே பிடிச்சிருப்பாள்” என்று வல்லிபுரம் ஊர் கேட்கச் சிரிப்பார். அவள் உறைகளை எண்ணி அடுக்கிக்கொண்டே இருப்பாள். மங்கல் வெளிச்சத்தில் கையால் சட்டை தைத்துத் தைத்து அவள் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. போன மாதம்தான் முந்நூறும் நிறைந்தது; வல்லிபுரம்தான் கட்டித் தபாலில் போட்டார்.

இன்று அதே வல்லிபுரம் முற்றத்தின் நடுவில் நின்று சொன்னார்:

“நான் சிரிச்சது பிழை! எல்லாரும் கேளுங்க, கொம்பனிக்காரன் சொன்ன சொல் தவறேல்ல!”

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவள் வல்லிபுரத்தின் தங்கை சின்னத்தங்கம். சீதேவிப்பிள்ளை ஒரு துண்டுச் சீலையை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். கடகடவென்று தையல் ஓடியது. கோணல் இல்லை, இடைவெளி இல்லை.

“பாருங்ககா! ஆரும் காசு குடுத்து வாங்கித் தந்ததில்ல, நானே சேர்த்து எடுத்தது!” என்றாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“மச்சாள், நானும் இண்டைக்கே துவங்குறன்!” என்று சின்னத்தங்கம் துள்ளினாள். “வெத்திலை வித்த காசு கையில கிடக்கு. கபூர் நானாட்டப் போய்க் கொக்குத் தேயிலையைப் பெட்டியோட எடுக்கப்போறன்!”

“எனக்கும் ஒரு பெட்டி!”

“எனக்கும்!”

எல்லாரும் காசு எடுக்க வீடுகளுக்கு ஓடினார்கள். சின்னத்தங்கம் நேரே கடைப் பக்கம் திரும்பினாள். ஒழுங்கையில் பாதித் தூரம் போயிருப்பாள், பின்னால் வல்லிபுரம் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“தங்கம், நில்லு. அந்தத் தேயிலை வாங்காத.”

“ஏன் அண்ணே?”

“வேணாமெண்டா வேணாம். மத்தவளுகளையும் மறிச்சுப்போடு.”

சின்னத்தங்கத்தின் முகம் சிவந்தது. “இவ்வளவு நேரமும் கொம்பனியைத் தூக்கி வைச்சிக் கதைச்சீங்க. உங்கட பெண்டாட்டி மட்டும்தான் மிசின்ல தைக்கணுமோ? கூடப்பிறந்தவள் நான் கையாலேயே குத்திக்கொண்டு கிடக்கவோ?”

“அப்பிடி இல்ல புள்ள…”

“மறுகா எப்பிடி? சொல்லுங்க!”

வல்லிபுரம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சக்கரச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மடியிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார்.

“போன கிழமை கொம்பனியிட்ட இருந்து வந்தது.”

“எனக்கு எழுத்துத் தெரியுமோ? வாசிங்க.”

அவர் தணிந்த குரலில் வாசித்தார். “‘தாங்கள் அனுப்பிய முந்நூறு உறைகளும் கிடைத்தன. பரிசுத் திட்டம் சென்ற வருடமே முடிந்துவிட்டது. எமது அன்பளிப்பாகக் கால் றாத்தல் தேயிலை ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.’”

சின்னத்தங்கம் வாயைப் பிளந்தாள்.

“அப்ப அந்த மிசின்?”

“பட்டினத்துக் கடையில வாங்கினன். ஆத்துக்கு அங்கால படுவான்கரையில நிண்ட என்ட உழவு எருமை ரெண்டையும் வித்துப்போட்டன்” என்றார் வல்லிபுரம். “உன்ட மச்சாள் கொம்பனிக்காரன் தந்ததெண்டே நினைச்சுத் தைக்கட்டும் புள்ள.”