வலது பக்கப் புதர்

"பந்து எங்கங்க போச்சு?"

"நேராத்தான் கிளம்புச்சு. பாதி வழியில மனசு மாறிடுச்சு" என்று பல்லைக் கடித்தார் ஸ்டோர் கீப்பர்.

பயிற்சித் திடலின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது எழுபதாவது பந்து. முந்தின அறுபத்தொன்பதைப் போலவே இதுவும் வலது பக்கமாக வளைந்து, வேலியோரப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

எல்லாம் அந்தப் புது டிரைவர் பண்ணுகிற வேலை. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை; கோல்ஃபில் முதல் அடி அடிப்பதற்கென்றே இருக்கிற, பெரிய மண்டை வைத்த மட்டை. ஒரு மாதமாக வாடகை மட்டையில் தட்டுத் தடுமாறி, ஒருவழியாக நேராக அடிக்கப் பழகியிருந்தார் மனுஷர். சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கௌரவமாக இருக்கட்டுமே என்று போன வாரம் சொந்தமாக ஒன்று வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"கோச், இந்த மட்டையிலயே ஏதோ கோளாறு இருக்கு."

"மட்டையைக் குத்தம் சொல்லாதீங்க சார். உங்க இடுப்பு திரும்பல" என்றார் கோச், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"போன வாரம் திரும்புச்சே?"

"போன வாரத்து இடுப்பு வேற, இந்த வாரத்து இடுப்பு வேற சார்."

இந்த வயதில் இந்த வீண் வேலை அவருக்கு ஏன் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. கம்பெனிக்குப் புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர், நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிளைக்கு அவரை மாற்றி உத்தரவு போட்டுவிட்டார். ஒன்றாம் தேதி போயாக வேண்டும். போனால், மனைவி பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த மூக்குக்கண்ணாடிக் கடையை இழுத்து மூட வேண்டும். இல்லையென்றால் அவர் ஓர் ஊரிலும் மனைவி, மகள் ஓர் ஊரிலுமாகக் கிடக்க வேண்டும்.

ஐந்தே நிமிடம் ஜி.எம்.மிடம் தனியாகப் பேசினால் போதும். ஆனால் அந்த அறைக்குள் எப்போது எட்டிப் பார்த்தாலும் நாலு பேர் நிற்பார்கள். அதிலும் அந்த பர்ச்சேஸ் ஆபீசர், அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டே திரிவார். சனிக்கிழமை கோல்ஃபில்தான் ஆளைப் பிடிக்க முடியும். கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சனிக்கிழமைக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார்.

"பேசாம வாடகை மட்டையையே எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஐயையோ, வேண்டாங்க!" என்று பதறி எழுந்தாள் மனைவி. "அத்தனை ஆபீசருங்க முன்னாடி வாடகை மட்டையா? மானம் போயிடும்."

"மானம் அந்தப் புதர்லதான் கிடக்கு. முடிஞ்சா பொறுக்கிட்டு வா."

சனிக்கிழமை காலை முதல் அடி பர்ச்சேஸ் ஆபீசருடையது. பந்து கோடு போட்டதுபோல் நடுவில் போய் நின்றது. அக்கவுன்ட்ஸ் ஆபீசர் அடித்ததும் அப்படியே. ஸ்டோர் கீப்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினார்.

வலது பக்கம். புதர்.

"நம்ம ஸ்டோர்ஸ்ல சாமான் காணாமப் போறது இப்படித்தானா?" என்றார் பர்ச்சேஸ் ஆபீசர். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பருக்கு அப்படியே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

கடைசியாக ஜி.எம். அடித்தார். பந்து நேராகக் கிளம்பி, வளைந்து, அதே புதருக்குள் போய் விழுந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவரவர் பந்தைத் தேடி அவரவர் நடப்பதுதான் அந்த ஆட்டத்தின் முறை. இரண்டு பேர் நடுவில் நடந்தார்கள். இரண்டு பேர் புதரைப் பார்த்து நடந்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"மாற்றல் ரத்து! அடியே, மாற்றல் ரத்து!"

"நிஜமாவா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அஞ்சு நிமிஷம் கேட்டேன், நாலு மணி நேரம் கிடைச்சுது! நான் எந்தப் புதருக்குள்ள போனாலும் பின்னாடியே அவரும் வராரு. முள்ளை விலக்கிக்கிட்டே உன் கடையைச் சொன்னேன், பொண்ணு படிப்பைச் சொன்னேன். 'இதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா'ன்னு தோள்ல கை போட்டுட்டாரு. அந்த பர்ச்சேஸ் மூஞ்சியை நீ பார்த்திருக்கணுமே!"

டிரைவரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார். "இதைப் போய்க் குப்பையில போட இருந்தேனே! அதிர்ஷ்டம்னா இதுதான்."

"அதிர்ஷ்டமா? அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள் மனைவி.

"நீங்க இதை வாங்கிட்டு வந்த அன்னிக்குத்தான், நான் யாருன்னு தெரியாம உங்க ஜி.எம். நம்ம கடைக்கு வந்தாரு. 'அடிக்கிற பந்தெல்லாம் வலது பக்கப் புதருக்கே போகுது, தனியாத் தேடித் தேடி அலுத்துட்டேன், கண்ணாடி பவர் மாறியிருக்கான்னு பாரும்மா'ன்னாரு" என்றவள், மட்டையின் கழுத்திலிருந்த குட்டித் திருகில் ஒரு சாவியைச் செருகினாள். "மட்டையோட வந்த, நீங்க பிரிச்சே பார்க்காத காகிதத்துல, இதைத் திருப்பி வெச்சா பந்து போற பக்கம் மாறும்னு போட்டிருந்துச்சு. வேலைதான் முடிஞ்சிடுச்சே, இனி நேராக்கிடறேன்."