தெற்குக் காற்று

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு டிவியில் அப்பாவின் சாம்பல் தெரிந்தது.

வெள்ளைத் துணி கட்டிய பானை. அதை மடியில் வைத்தபடி என் அண்ணா சயந்தன். அவனுக்குப் பின்னால் ஸ்கொட்லாந்தின் வட முனை. கறுத்த பாறைகள், நுரை, ஒரு வீடுகூட இல்லாத கரை.

லைவ் வீடியோ கோல். படகில் சாட்டிலைட் இன்டர்நெட் இருக்கிறது என்று அண்ணா இரண்டு தரம் சொல்லிவிட்டான்.

பாய்மரப் படகு. அவனும் கிரேம் என்ற வெள்ளைக்காரக் கூட்டாளியும் பங்குக்கு வாங்கியது. ஒவ்வொரு கோடைக்கும் இந்தக் கரையோரமாகத்தான் போவார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தபோதும் இங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போது மட்டும் சிக்னல் இல்லை.

அந்தப் பதினேழு நாளும் பக்கத்தில் இருந்தவள் நான். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அப்பா சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன். எல்லா ஃபோமையும் நிரப்பினேன். வீட்டின் முதல் பட்டதாரி வேறு எதற்கு?

சுடலையில் மின்தகனப் பட்டனை அழுத்தியது அண்ணா. நானும் கையை நீட்டினேன். பெரியம்மாவின் புருஷன் பரமேஸ்வரன் என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

படகுக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையள் சாம்பல் கரைக்கிறேல்லை," என்றார் பெரியப்பா. "நீ கொம்மாவுக்கு டிவியைப் போட்டுக் குடு. படிச்ச பிள்ளைதானே."

போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் சனம் லண்டனுக்குக் கிட்ட சவுத்எண்ட் கடற்கரையில் வாடகைப் படகு பிடித்துக் கரைக்கும். அண்ணாவுக்கு அது காணாது. "அப்பா கடைசியாக் கேட்டது கடல். அது நல்ல கடலா இருக்கவேணும்," என்று செத்தவீட்டில் எழும்பி நின்று பேசினான். சனம் அழுதது.

அம்மா சுவரைப் பார்த்து அழுதார். அங்கே அப்பாவின் தம்பியின் படம் இருக்கிறது. மீசை அரும்பாத முகம். ஊரில் வள்ளம் கவிழ்ந்து போனவர்.

"தம்பியோடை சேரத்தான் கேட்டிருக்கிறார்," என்றார் அம்மா.

குடும்பமாக ஒரே ஒரு தரம் சவுத்எண்டுக்குப் போனோம். அப்பா காரை விட்டு இறங்கவில்லை. கால் நோகுதாம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாண்ட்விச் சாப்பிட்டார். அண்ணாவுக்கு அது நினைவில்லை.

டிவியில் அண்ணா துணியை அவிழ்த்தான்.

"தெற்கைப் பாத்து நில்லடா!" பெரியப்பா சோபாவிலிருந்து கத்தினார். "பிதிர் திசை தெற்கு!"

படகில் கிரேம் பாயைக் காட்டி, காற்றைக் காட்டி ஏதோ சொன்னார். அண்ணா கேட்கவில்லை. தெற்கைப் பார்த்து நின்று முதல் பிடியை எறிந்தான்.

காற்றும் தெற்கிலிருந்துதான் வந்தது.

எறிந்தது முழுக்கத் திரும்பி வந்தது. அவன் முகத்தில், தாடியில், வாய்க்குள். மிச்சம் படகின் தளத்தில்.

அண்ணா துப்பினான். இன்னொரு தரமும் துப்பினான். பிறகுதான் யாரைத் துப்புகிறோம் என்று விளங்கி வாயைப் பொத்தினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றினேன்.

"ஐயோ அத்தான், அவருக்குப் போக மனமில்லைப்போலை!" அம்மா பெரியப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அண்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு கமராவுக்குக் கிட்ட வந்தான். அவன் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மிது, அப்பா கடல் எண்டுதானே சொன்னவர்? வடிவா யோசிச்சுச் சொல்லு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா செத்து முப்பத்தொரு நாளில் இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

இல்லை, இரண்டாவது. அப்பா போன மறுநாள் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் அண்ணா வந்து இறங்கினான். காலில் இன்னும் படகுச் சப்பாத்து. எப்படிப் போனார், நோவு இருந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. "கடைசியா என்னைப் பற்றி என்ன சொன்னவர்?" என்றான்.

கடலைப் பற்றித்தான் கதைத்தவர் என்றேன். உண்மை. மிச்சத்தைச் சொல்ல முன்னம் அவனுக்கு ஃபோன் வந்தது, எடுத்தான்.

இப்போது அவன் காத்துக்கொண்டு நின்றான். பானையில் முக்கால்வாசி இருந்தது.

பெரியப்பா பிடித்த மணிக்கட்டைத் தடவினேன்.

"ஓம் அண்ணா," என்றேன். "கடல்தான்."

அவன் படகின் மறுபக்கம் போய்ப் பானையை அப்படியே கவிழ்த்தான். கிரேம் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, தளத்தில் ஒட்டிக் கிடந்த அப்பாவையும் கழுவிக் கடலுக்குள் தள்ளினார். ஒரு துளியும் மிச்சமில்லை.

அம்மா டிவியைக் கும்பிட்டார். என் கையை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

"என்னைக் கடல்லை மட்டும் போட விட்டிடாதை, பிள்ளை. வள்ளம் கவிழேக்குள்ளை தம்பி என்ரை கையைத்தான் பிடிச்சவன். நான்தான் உதறி விட்டனான். அவன் அங்கை நிக்கிறான்."