கட்டிலிலிருந்து பதினோரு அடி

"வீடு மாறினதே என் வீட்டுக்காரிக்குத் தெரியப்போறதில்ல, பாய். ஹேடோவுல இருந்தவ டாலிகஞ்சுல இருப்பா. பானையில தண்ணி ஒரு சொட்டு தளும்பாது."

மளிகைக் கடை அப்துல் கனி வெல்லத்தை நிறுத்துக்கொண்டே சிரித்தார்.

குழந்தைவேலு சொல்வதில் பாதியைக்கூடத் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் யாரும் நம்புவதில்லை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு யானையை ஒற்றைக் கையால் கப்பலிலிருந்து இறக்கியவர் அவர். இறங்கிய யானை தும்பிக்கையைத் தூக்கி அவருக்கு நன்றி சொன்னதாம்.

ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு பயம் இருந்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனைவி பொன்னம்மாவுக்குப் பார்வை போய் மூன்று வருஷம். விழுந்து எழுந்து அந்த ஒரு வீட்டை மட்டும் கற்றுவைத்திருந்தாள். அங்கே சமைப்பாள், கோலம்கூடப் போடுவாள். வேறு எங்கே போனாலும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"இங்கேருந்து கிளப்பினா நான் ரெண்டாந்தடவை குருடி ஆயிடுவேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

அன்றே குழந்தைவேலு, தனக்கு வேலை இரண்டு வருஷம் நீட்டிப்பு ஆகியிருப்பதாகப் புளுகினார். தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, துறைமுகச் சத்தம் எட்டாத டாலிகஞ்சில் பிடித்த வாடகை வீட்டுக்குப் போனார். பொன்னம்மாவின் பழைய செருப்பில் காலைத் திணித்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினோரு அடி வர வேண்டும், பதின்மூன்று வந்தது. தச்சனைப் பிடித்து மரத்தடுப்பை நகர்த்த வைத்தார். கிறீச்சிடும் பழைய கதவையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பொருத்தப்போவதாகச் சொன்னார்.

கனி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கண்ணு தெரியலேன்னா காதுமா கேக்காது, அண்ணே? டாலிகஞ்சுல கப்பல் ஊதுறதுக்கு எங்க போவீங்க?"

அதற்கும் வழி இருந்தது. தேங்காய் அளவுள்ள ஒரு சங்கை வாங்கிப் பதினைந்து நாளாக ஊதிப் பழகுகிறாராம். முதல் நாள் ஊதியதில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் நின்ற படகெல்லாம் பதில் ஊதியதாம். கனி நம்பவில்லை.

குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, பொன்னம்மாவை அவள் தங்கை நீலாவதி வீட்டில் இரண்டு நாள் விட்டார். சாமான் ஒவ்வொன்றிலும் சரக்குப் பெட்டிபோலச் சாக்பீஸால் எண் போட்டார். இறங்கியதும் முதலில் வேண்டிய கட்டிலும் தண்ணீர்ப் பானையும் லாரியில் கடைசியாக ஏறின. மூன்றாம் நாள் அவளை அழைத்துவந்த ஜீப், திசை தெரியாமலிருக்க ஊரை மூன்று சுற்றுச் சுற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனி பார்க்க வந்தார். பொன்னம்மா கட்டிலிலிருந்து எழுந்து, நேரே பானைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தைவேலு கனியின் விலாவில் இடித்தார். டீக்குப் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் துண்டுக்குள் எதையோ மறைத்தபடி கொல்லைப்பக்கம் போனார்.

சற்று நேரத்தில் தூரத்து வாழைத் தோப்பிலிருந்து 'பூம்' என்று கப்பல் ஊதியது. நீளமாக, கம்பீரமாக. நடுவில் ஒரு இருமல். பிறகு மறுபடியும் 'பூம்'.

"கப்பலுக்கு இருமல் வராது, பாய்" என்றாள் பொன்னம்மா.

கனியின் கையில் தண்ணீர் தளும்பியது.

"நான் அடி எண்ணி நடந்ததே இல்ல. அங்க வாசப்பக்கம் வின்ச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அதைக் காதுல புடிச்சுக்கிட்டுத்தான் எது அடுப்பு, எது வாசல்னு தெரிஞ்சுக்குவேன். பாவம், எல்லாத்தையும் அடி அளந்து வச்சவரு அதை விட்டுட்டாரு."

முந்தானையை விலக்கினாள். முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிப்போயிருந்தது.

"சொன்ன மாதிரி ரெண்டாந்தடவையும் குருடி ஆயிட்டேன். அவரு சாப்பாட்டுத் தூக்கோட கிளம்பினதும் சுவத்தைத் தடவித் தடவிப் பழகுறேன். அதுக்குள்ள நீங்க ஏதும் சொல்லிடாதீங்க, பாய்."

கிறீச்சென்று கதவு திறந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

குழந்தைவேலுவுக்கு மூச்சு வாங்கியது. "கல்கத்தா கப்பல் வந்திருச்சு போல."

"ஆமா, இந்தத் தடவை சீக்கிரமே வந்திருச்சு" என்றாள் பொன்னம்மா.

அவர் கண்ணைச் சிமிட்டி, கனியைத் தெருவுக்கு இழுத்துப் போனார். "இப்ப என்ன சொல்றீங்க, பாய்?"



"நீங்க சொன்னபடியே நடந்திருச்சு, அண்ணே. அக்காவுக்குத் தெரியவே இல்ல."