மஞ்சள் பலகை

"மஞ்சள் புக் ஆயிடுச்சு அங்கிள். கொடுக்க முடியாது."

ஜெகதீஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். ஜெலுத்தோங்கில் அந்தப் பலகைக் கடையின் கணக்கு, கல்லா எல்லாம் அவள்தான்.

எதிரே நின்ற பால்ராஜ் நகரவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர்.

"பாதிப் பலகை இருந்தாலும் போதும்மா."

"கறுப்பும் சாம்பலும் இருக்கு. எடுத்துக்குங்க."

"ஐயோ, அது வேணாம். வெளிச்சமான கலரா வேணும்."

"அப்ப சாதா ஃபைபர் போர்டு வாங்கி பெயிண்ட் அடிச்சுக்குங்களேன். விலையும் கம்மி."

"பெயிண்ட் வேணாம்மா. அறுத்தா உள்ளேயும் அதே கலர் இருக்கணும்."

இப்படி உள்ளே வரை நிறம் ஊறிய பலகை எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால் மனிதர் இங்கேயே வந்துவிடுவார். ஒவ்வொரு பலகையாக இழுத்துப் பார்ப்பார், ஓரத்தைத் தடவுவார், மூக்கை வைத்து முகர்வார். கடைசியில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போவார்.

"அப்படி என்னதான் செய்றீங்க அங்கிள்?"

"சின்னச் சின்னப் பெட்டிம்மா."

அவளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அர்மேனியன் ஸ்திரீட்டில் டூரிஸ்டுகள் போட்டி போட்டு வாங்குகிறார்களே, அந்த மாதிரிப் பெட்டி. கிழவர் நன்றாகத்தான் சம்பாதிக்கிறார்!

"கஃபே வேலைக்கு ஃபாத்தின்னு ஒரு கஸ்டமர் கேட்டிருக்காங்க. அவங்க ஆர்டர்தான் முக்கியம்."

பால்ராஜ் தலையை ஆட்டிவிட்டு, வெறும் கையோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மத்தியானம் முதலாளி மீரா சாகிப் போன் செய்தபோது, இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"என்னம்மா நீ? ஃபாத்தின்கிட்ட நான் பேசிக்கிறேன். பலகையை ரெண்டா அறுத்து உன் காடி பின் சீட்டுல போட்டுக்க. வீட்டுக்குப் போற வழியில பால்ராஜ் அண்ணன்கிட்ட கொடுத்துட்டுப் போ."

"அவருக்கு எதுக்கு பாய் இவ்வளவு..."

"கொடுத்துட்டுப் போ லா."

அவர் சொன்ன விலாசத்துக்கு எரிச்சலோடுதான் போனாள். ஆயர் ஈத்தாமில் பழைய ஃபிளாட். பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே போவதற்குள் மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்த பால்ராஜ் பலகையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீயே கொண்டு வந்தியாம்மா? உள்ள வா, உள்ள வா."

உட்கார இடமில்லை. இருந்த இன்னொரு நாற்காலியில் துணியும் பேப்பரும் குவிந்து கிடந்தன. அவசரமாக அள்ளிக் கட்டிலில் போட்டார்.

"யாரும் வர்றதில்ல. அதான் சாமான் ஏறிடுச்சு."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சீன நாடகம்.

"சீனம் தெரியுமா அங்கிள்?"

"தெரியாது. ஆள் பேச்சு கேட்டுக்கிட்டு இருக்கும்ல."

சுவரில் அவர் மனைவி சவுந்தரத்தின் படம், ஜெபமாலை சுற்றி. அதன் கீழே அலமாரியில் பெட்டிகள். பச்சை, ஆரஞ்சு, நீலம். ஜெகதீஸ்வரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முழங்கை நீளம்தான் இருக்கும். மூலைகளையெல்லாம் குழந்தைக் கன்னம் மாதிரி இழைத்து வைத்திருந்தார்.

"அர்மேனியன் ஸ்திரீட்ல எவ்வளவுக்குப் போகுது அங்கிள்?"

"விக்கிறதில்லம்மா."

"அப்ப பேரப்பிள்ளைங்க பொம்மை வைக்கவா?"

அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பாலில்லாத டீதான், தே ஓ குடிக்கிறியா? சாப்பிட்டியா? கொஞ்ச நேரம் உக்காரு," என்றார். அவள் கிளம்பிவிடுவாளோ என்று பயந்ததுபோல் இருந்தது.

அப்போது போன் அடித்தது. பால்ராஜ் உடனே டிவியை அணைத்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

கேட்டுக்கொண்டே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப பொறந்துச்சு?... அழவே இல்லையா?"

ஜெகதீஸ்வரி கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் மெதுவாக, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இங்க இருக்கற பெட்டியெல்லாம் அதுக்குப் பெரிசு சிஸ்டர். புதுசா செஞ்சு நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றேன். அதுவரைக்கும் பிள்ளை அம்மாக்காரி கையிலயே இருக்கட்டும். வாங்கிடாதீங்க."

"கலரா? மஞ்சள்ல செய்றேன். பெயிண்ட் கிடையாது சிஸ்டர். அம்மாக்காரி அது மேல மூஞ்ச வச்சு அழுதாலும் ஒட்டாது, வாசம் அடிக்காது."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, ஒற்றைக் கையால் பலகையை மேசைமேல் தூக்கப் பார்த்தார். பலகை சரிந்தது. ஜெகதீஸ்வரி ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு வச்சிட்டாங்களா?" என்று கேட்டார் பால்ராஜ். அந்தப் பக்கம் இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். சவுந்தரத்தின் படத்தைப் பார்த்தார்.

"அம்மாக்காரிகிட்ட ஒரு பேரு வைக்கச் சொல்லுங்க சிஸ்டர். சவுந்தரமும் நானும் எங்க பிள்ளையை பிஸ்கட் அட்டைப் பெட்டியில வச்சு, பேரு இல்லாமதான் மண்ணுக்கு அனுப்பினோம். இன்னைக்கு வரைக்கும், ஜெபத்துல அவளை என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல."