பதினோரு அடி வேகம்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தமாகச் சொல்கிற சங்கதி இல்லை.

தேவானை பொய் சொல்லிவிட்டாள். அதுவும் கிளப் தலைவரிடம், கண்ணைப் பார்த்து.

அடையாறு பக்கம் ஒரு கோல்ஃப் கிளப். பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற வழவழப்பான புல்தரை இருக்கிறதே, க்ரீன் என்பார்கள், அதை வெட்டுவது பதினெட்டு வருஷமாக அவள்தான். புதுத் தலைவர் மயிலாப்பூர் கல்யாணராமன். டிவியில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துப் பார்த்து, நம்ம க்ரீனிலும் பந்து கண்ணாடி மேல் போவது போல் போகணும் என்று அவருக்குப் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர்கள் ஆட வருகிறார்கள். அதற்குள் ஏழாவது க்ரீன் பதினோரு அடி ஓட வேண்டும் என்றார். அளக்க, பந்து உருளப் பள்ளம் போட்ட ஒரு கம்பி உண்டு. சமதரையில் வைத்து ஒரு முனையைத் தூக்கினால் பந்து உருண்டு இறங்கும். எத்தனை அடி போய் நிற்கிறதோ, அதுதான் வேகம்.

"சார், அதுல பாதி சரிவா கீது. கீழ குட்டை. ஒட்ட வெட்டினா பந்து எங்க நிக்கும்? ஒண்ணு சரிவைக் கொறைக்கணும், இல்ல புல்லை வுடணும்."

"நீ எப்போ கோல்ஃப் ஆடினே?"

"ஆடல சார். குட்டைல பந்து பொறுக்கிகினு கீறேன்."

கல்யாணராமனுக்குச் சுருக்கென்றது. "பதினோரு அடி வரலேன்னா திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

சனிக்கிழமை தேவானை பிளேடைத் தூக்கி வைத்துவிட்டு மிஷினை மேலும் கீழும் ஓட்டினாள். சத்தம்தான் வந்தது, ஒரு புல் விழவில்லை. "மாட்டிக்கினா வேலை பூடும்க்கா" என்றாள் கூட வேலை செய்கிற கோமளம். வெட்டினாலும் திட்டு, வெட்டாட்டியும் திட்டு; வெட்டாட்டி அந்த மனுஷன் மானமாவது மிஞ்சும் என்றாள் தேவானை.

ஞாயிறு காலையில் கல்யாணராமன் எத்தனை அடி என்று கேட்டார். "பதினொண்ணு சார்."

அவர் அளந்து பார்க்கவில்லை. விருந்தாளிகளிடம் டமாரம் அடிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

ஏழாவதில் அவர் தட்டிய பந்து சரிவில் இறங்கி, தயங்கி, குழிக்கு ஒரு சாண் தள்ளி சமர்த்தாக நின்றது. கைதட்டல்.

பெங்களூர் ரகுபதி மட்டும் குனிந்து புல்லைத் தடவினார். "இது எட்டு அடி தாண்டாது போலிருக்கே சார். அளந்து பாத்துடலாமா?"

தேவானைக்குத் திங்கட்கிழமை கண்முன் வந்து நின்றது.

கல்யாணராமன் பந்தைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். அப்புறம் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பேஷா அளக்கலாமே. கோமளம், கம்பியைக் கொண்டா. சாருக்கு மோர் குடு. வெயில்ல நிக்கறார் பாவம், முதல்ல குடிக்கட்டும்."

ரகுபதி மோர் டம்ளருக்காகத் திரும்பிய நேரத்தில் கல்யாணராமன் கம்பியோடு விறுவிறுவென்று சமதரையை எல்லாம் தாண்டிப் போய், சரிவின் உச்சியில், குட்டையைப் பார்த்தாற்போல் அதை வைத்து, பந்தை உருட்டிவிட்டார்.