திறக்க ஆள் தேவை

ரோஸ்மேரி ஐஸ்பெட்டியைப் பூட்டிவிட்டாள் என்ற செய்தி ஒரே நாளில் செஞ்சி முழுவதும் பரவிவிட்டது.

முறைப்படி அதன் பெயர் குளிர்பதனப் பெட்டி. ஆனால் தெருவில் இருந்ததே அது ஒன்றுதான். ஒன்றே ஒன்றுக்கு முறையான பெயர் எதற்கு? ரோஸ்மேரியின் மாமனார் இருதயநாதன், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபோது சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. உள்ளே கட்டும் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் என்பது அதன் பெருமை.

மார்கழியிலிருந்து உருக்கவில்லை. பனி சுவராக வளர்ந்து கதவை முட்டியது.

"ஊர்ப்பட்டவங்க வந்து வந்து தொறந்தா எந்த மிஷினு தாங்கும்?" என்றாள் ரோஸ்மேரி. தையில் பூட்டினாள். எதிர்வீட்டு ரஞ்சிதத்தின் மருந்துச் சீசாவும் திரும்பிப் போயிற்று.

ரஞ்சிதத்தின் கணவர் ராஜாங்கத்துக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. ரஞ்சிதம் பானையில் ஈரமணலைப் போட்டுச் சீசாவைப் புதைத்து வைத்தாள். பங்குனி வெயிலோ மணலையும் விடவில்லை. மருந்து கெட்டுப்போய், ராஜாங்கம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார்.

பூட்டிய பிறகும் பனி குறையவில்லை. கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து ஜோசப்ராஜ் என்ற மெக்கானிக் வந்தார். வழி கேட்க நுழைந்தது ரஞ்சிதத்தின் வீட்டில். தண்ணீர் குடித்துக்கொண்டே பானையைப் பார்த்தவர், எதிரிலேயே ஐஸ்பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்றார்.

"அவங்க பொட்டி, அவங்க பூட்டு. நாம இன்னா சொல்ல முடியும்?" என்றாள் ரஞ்சிதம்.

ஜோசப்ராஜ் வெந்நீர்ப் பாத்திரம் வைத்துப் பனியைக் கரைத்தார். உருக்கும் கம்பிக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார், சூடேறியது. தண்ணீர் வடியும் ஓட்டையில் குச்சி விட்டார், அடைப்பில்லை. பின்பலகையைக் கழற்றி வெகுநேரம் எதையோ நோண்டி, செத்த பல்லி ஒன்றை ஜன்னல் வழியே எறிந்தார். பிறகு முன்பக்கம் வந்து, கதவோரம் இருந்த சின்னப் பொத்தானை அழுத்திக் காட்டினார்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம். போதுமான தடவை திறந்தால்தான் பனியை உருக்குமாம்.

"மார்கழிக் குளிர்ல ஐஸ்தண்ணி கேட்டு யாராவது வந்தாங்களாம்மா?"

ரோஸ்மேரி யோசித்தாள். "வரலை."

"பனி எப்ப கட்ட ஆரம்பிச்சுது?"

அன்று சாயந்திரமே ரோஸ்மேரி எதிர்வீட்டுக்குப் போய், மருந்தைக் கொண்டுவந்து வைக்கும்படி ரஞ்சிதத்தைக் கெஞ்சினாள்.

அதன்பின் தெருவே முறைபோட்டுக்கொண்டு வந்து திறந்தது. பச்சமுத்து மோர் வைக்க வந்தார். அம்மாக்கண்ணு எதுவும் வைக்காமல், உதவியாக இருக்கட்டும் என்று வெறுமனே திறந்து மூடிவிட்டுப் போனாள். வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மேரி நன்றி சொன்னாள். பெட்டியில் பனி கட்டவில்லை. ராஜாங்கம் மறுபடி வேலைக்குப் போனார்.

மாதக்கணக்கில் மகள் வீட்டில் தங்கியிருந்த மாமனார் இருதயநாதன் சித்திரையில் திரும்பினார். அம்மாக்கண்ணு வந்து திறந்து மூடிவிட்டுப் போனதைப் பார்த்து, "இன்னாம்மா இது வெளையாட்டு?" என்று மருமகளைக் கேட்டார்.

அவள் பொத்தானின் மகிமையை விளக்கினாள். இருதயநாதனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உருக்கறதுக்குப் பின்னால தனியா ஒரு கடியாரம் இருக்குது. அது நேரம் பார்த்துத் தானா உருக்கும். இந்தப் பொத்தான் உள்ள லைட்டு எரியறதுக்கு. பல்பு போனதுலருந்து இதுக்கு வேலையே இல்ல."

பின்பலகைக்குள்ளிருந்து மெக்கானிக் எடுத்தெறிந்த அந்தப் பல்லி ரோஸ்மேரிக்கு ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுப் பானையில் புதைத்திருந்த சீசாவும்.

அப்போது ரஞ்சிதம் சீசாவோடு உள்ளே வந்தாள். மருந்தை வைத்துவிட்டு, "அக்கா, இன்னிக்குத் தொறந்தது போதுமா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

இருதயநாதன் வாயைத் திறந்தார். மருமகள் முந்திக்கொண்டாள்.

"எங்கடி போதும்? சாயந்திரமும் வந்து தொறந்துட்டுப் போ."