ஒரு மணிக்கு, இந்தோனேசியக் கடை முன்னால்

"ஒண்டும் கதைக்காத, ஸித்தி. முதல்ல உன்னை ஒருக்கா வடிவாப் பாக்க விடு."

சந்திரவதனா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஸ்காபரோ மோலின் சாப்பாட்டுப் பகுதியில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. இந்தோனேசியக் கடைச் சட்டியில் உள்ளியும் இறாலும் வதங்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஐந்து நிமிடத்துக்கு முன்தான் மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். கடைக்கு முன்னால், பழுப்பு நிறத் துணியால் தலையை மூடிய ஒருத்தி தனியே உட்கார்ந்திருந்தாள். ஊர் யாழ்ப்பாணமோ என்று சந்திரவதனா கேட்டாள். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, "ஓம், சோனகத் தெரு" என்றதுதான் தாமதம், ஸித்தியின் தெருவேதான் என்று அப்படியே கட்டிப்பிடித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். பதினேழு வயதில், தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் பிரிந்தவர்கள். அன்றைக்கு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னது இயக்கம். போனவர்களில் ஸித்தியும் ஒருத்தி. பத்தொன்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை.

மற்றவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சந்திரவதனா விடவில்லை. பதற்றம் வந்தால் நிறுத்தாமல் பேசுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அஜின்கோர்ட்டில் வீடு என்றாள், மார்க்கத்தில் வேலை என்றாள். அஜக்ஸில் ஸித்தியைத் தெரிந்த ஒருவரிடம் நம்பர் வாங்கப் பட்ட பாட்டைச் சொன்னாள். வேலைக்கு நடுவில் ஸித்தி இரண்டே நிமிடம் ஃபோனில் பேசியதற்கே இரவு முழுக்க நித்திரை வரவில்லை என்றாள். ஹலால் போர்ட் பார்த்துத்தான் இந்தக் கடையைச் சொன்னேன், ஆனால் ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தபடி, பதிலுக்கு நிற்காமல் வரிசைக்குப் போனாள்.

இரண்டு நாசி கோரெங் வந்தது. பொரித்த சோற்றின் மேல் முட்டை, பக்கத்தில் கச்சான் கடலைக் குழம்பு ஊற்றிய கோழிக் குச்சிகள். பரிமாறிய பெண் "சம்பல்?" என்று கேட்டபோது சந்திரவதனா "சம்பலோ?" என்று திரும்பக் கேட்டாள். அவர்கள் ஊரிலும் அது சம்பல்தானாம். ஓடி வந்து அதைச் சொன்னபோது மற்றவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சோறு நெருப்பாகச் சுட்டது. சம்பல் அதைவிட எரித்தது. இருவரும் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார்கள்.

பாதித் தட்டில் சந்திரவதனாவின் கரண்டி நின்றது.

"ஸித்தி, சாப்பிடுறதுக்கு மட்டும் நான் உன்னை வரச் சொல்லேல்லை."

மே மாதம் ஊரில் சண்டை முடிகிற நேரம், டவுன்டவுனில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றதை அவள் சொன்னாள். கையில் அகப்பட்டதோடு ஓடிவருகிற சனத்தின் படங்கள் அந்தப் பதாகைகளில் இருந்தன. எல்லோரோடும் சேர்ந்து கத்தியவள் திடீரென்று பதாகையைக் கீழே இறக்கினாள். படத்தில் இருந்த ஒரு பெட்டை, அன்றைக்கு ஸித்தி நின்ற மாதிரியே ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ அண்டைக்கு எங்கட பின்கேற்றில வந்து நிண்டு மூண்டு தரம் என்ர பேரைக் கூப்பிட்டனி. வாப்பாவால நடக்க ஏலாது, சைக்கிளைத் தா எண்டு கேட்டனி. வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிருப்பாய். நான் ஜன்னலுக்குப் பின்னால நிண்டனான். அம்மா என்ர வாயைப் பொத்தேல்லை, ஸித்தி. நானாத்தான் பேசாமல் நிண்டனான். சைக்கிள் விறாந்தையிலதான் கிடந்தது."

எதிரே இருந்தவள் கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு நாங்கள் தட்டின கதவு ஒண்டும் திறக்கேல்லை" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"உன்ர வாப்பா?"

"புத்தளத்தில, அகதி முகாமில மௌத்தாப் போயிட்டார். நடந்த நடை அவருக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

சந்திரவதனா அந்தக் கைகளின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. மன்னித்துவிடு என்று எத்தனை தரம் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது. மற்றவளும் அழுதாள். பிறகு கையை உருவி, அவள் தலையை ஆறுதலாகத் தடவினாள்.

"அழாதேங்கோ. இனி அந்தச் சுமை வேண்டாம். சாப்பாடு ஆறுது."

எத்தனையோ வருடத்துப் பாரம் இறங்கிவிட்டது சந்திரவதனாவுக்கு. மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பசி இப்போதுதான் வந்தது போலிருந்தது. இன்னொரு தட்டுக் கோழி எடுப்பம் என்று எழுந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது.

"சந்திரா, குறை நினைக்காத. அஜக்ஸில இருந்து வந்த பஸ் பிந்திப்போச்சு. இப்பத்தான் மோலுக்குள்ள வாறன், ஸித்தி கதைக்கிறன்."

சந்திரவதனா ஃபோனைக் காதில் வைத்தபடியே விறைத்துப்போய் எதிரே பார்த்தாள்.

"என்ர பேர் அஸ்மியா" என்றாள் அந்தப் பெண். "கட்டிப்பிடிச்ச உடனேயே சொல்லத்தான் பாத்தனான், நீங்கள் விடேல்லை, பிறகு, பத்தொன்பது வருசமா ஒருத்தரும் எங்களிட்ட வந்து சொல்லாத வார்த்தையை நீங்கள் சொல்லத் தொடங்கினீங்கள், இடையில நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை."